அயனி

அயனி (பெயர்ச்சொல்): மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம். இலங்கைப் பாடநூல்களில் ‘அயன்’.

கரைசலில் மின்னோட்டம் பாயும்போது மின்வாயை நோக்கி நகரும் துகளுக்கு மைக்கேல் ஃபாரடே 1834இல் இட்ட பெயர் இது. எடுத்துக்கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல். கிரேக்கத்தில் ‘செல்வது’ என்று பொருள். உத்தராயணத்தில் வரும் வடமொழி ‘அயன’மும் செல்லுதலே, இரண்டுக்கும் வேர் ஒன்று. வெறும் ஒலிபெயர்ப்பு இவ்வளவு பொருத்தமாக அமைவது அரிது. (குமரி மாவட்டத்தாருக்கு அயனி என்றால் சிறுபலா போலக் காய்க்கும் மரம். அது வேறு சொல்.)

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், மேக்ஸ்வெல் சாலையில் 1960இல் திறந்த, பாடங்களைத் தமிழிலேயே நடத்திய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் ஆங்கிலத்தில்தான். அயனி அவர்கள் வாயில் ‘ஐயான்’. சாதாரண நிலைத் தேர்வின் செய்முறைத் தாளில் பெயர் சொல்லாத கரைசலைக் கொடுத்து, உள்ளிருக்கும் ஐயானைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மாணவர் வழக்கில் அது ‘கியூஏ’ (குவாலிடேட்டிவ் அனாலிசிஸ், பண்பறி பகுப்பாய்வு).

சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டினால் வீழ்படிவு இறங்கும்: ஃபெர்ரஸ் பச்சை, ஃபெரிக் செம்பழுப்பு, தாமிரம் வெளிர்நீலம். குழப்புவது துத்தநாகமும் அலுமினியமும். இரண்டும் வெண்மை, கூடுதலாக ஊற்றினால் இரண்டும் கரைந்துவிடும். அம்மோனியாக் கரைசல்தான் பிரித்துக் காட்டும்: அது மிகுந்தால் துத்தநாக வீழ்படிவு மட்டும் கரையும், அலுமினியம் அப்படியே நிற்கும்.