‘மேட்ச்’ பிறந்த கதை

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளை இருக்கிற வீட்டில், மார்ச் மாத மூன்றாவது வெள்ளிக்கிழமை யாருக்கும் சாப்பாடு இறங்காது. கிழக்குக் கரை நேரப்படி பகல் 12 மணிக்குக் கல்லூரி அரங்குகளில் ஆளுக்கொரு உறை கொடுப்பார்கள். பிரித்தால் உள்ளே ஒரே ஒரு மருத்துவமனையின் பெயர் இருக்கும். அடுத்த 3 முதல் 7 ஆண்டுகள் எந்த ஊரில் வாழ்வது, எந்தத் துறையில் பயில்வது, யாரிடம் வேலை கற்பது எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். இடம் கிடைத்ததா இல்லையா என்பது திங்கட்கிழமையே தெரிந்துவிடுகிறது. எங்கே என்று தெரிய மேலும் நான்கு நாள் தவித்திருக்க வேண்டும். இதற்குத்தான் ‘மேட்ச்’ என்று பெயர். சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்து, யு.எஸ்.எம்.எல்.இ. எனும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள் எழுதி, ரெசிடென்ஸி எனும் துறைப் பயிற்சிக்குப் போகிற நம் பிள்ளைகளும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நம் ஊர் முதுகலைக் கவுன்சலிங் மாதிரிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நீட் பி.ஜி.யில் எல்லாக் கல்லூரிக்கும் தரவரிசை ஒன்றுதான். முதல் ரேங்க் எடுத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் அடுத்தவருக்கு. அங்கே ஒவ்வொரு மருத்துவமனையும் நேர்காணல் நடத்தித் தனக்கென்று ஒரு வரிசை எழுதுகிறது. ஒரு ஊரில் முதலாவதாக இருப்பவர் இன்னொரு ஊரில் நாற்பதாவதாக இருக்கலாம். மாணவரும் தன் பங்குக்கு மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறார். இரண்டு பக்கத்துக்கும் விருப்பம் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் பயம் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற குடும்பங்களுக்குத் தெரிந்த சிக்கல்தான் இது. ஒரு நாட்டின் புதிய மருத்துவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் இப்படி ஜோடி சேர்ப்பது என்றால் எப்படி?

‘ரெசிடென்ட்’ என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஆஸ்லரும் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் இளம் மருத்துவர்களை மருத்துவமனை வளாகத்திலேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார்கள். அங்கேயே குடியிருந்ததால் ரெசிடென்ட். அதற்கு முந்தைய படி இன்டர்ன்ஷிப். நம் பக்கம் ‘ஹவுஸ் சர்ஜன்’ என்போமே, அதன் உறவு.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிலைமை இன்றைக்கு நேர் தலைகீழ். மருத்துவமனைகளுக்கு இன்டர்ன்கள் தேவை. குறைந்த சம்பளத்தில் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்யும் கைகள் அவர்கள். ஆனால் இடங்களைவிட மாணவர்கள் குறைவு. ஆகவே நல்ல மாணவரை மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் தொடங்கியது. ஒரு மருத்துவமனை தேதியை ஒரு மாதம் முன்னே தள்ளினால் அடுத்தது இரண்டு மாதம் தள்ளியது. 1940களின் நடுவில், பட்டம் வாங்க இரண்டு ஆண்டு இருக்கும்போதே இடம் பேசி முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நோயாளியின் பக்கத்தில் இன்னும் சரியாக நின்றுகூடப் பார்த்திராத மாணவர், தான் அறுவைக்குப் பொருத்தமா குழந்தை மருத்துவத்துக்குப் பொருத்தமா என்று முடிவு சொல்ல வேண்டும். அவர் எப்படிப்பட்ட மருத்துவராக வருவார் என்று தெரியாமலே மருத்துவமனையும் கைநீட்ட வேண்டும்.

1945இல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மாணவர்களின் மதிப்பெண் விவரத்தையோ பரிந்துரைக் கடிதத்தையோ வெளியே தருவதில்லை என்று தீர்மானித்தன. விவரம் இல்லாமல் யாரும் ஆள் எடுக்க முடியாதே. ஓட்டம் நின்றது.

ஆனால் கதவை அடைத்தால் ஜன்னல் வழியே வந்தது தொல்லை. தேதி ஒன்றானதும், அழைப்பு வந்த பிறகு மாணவர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதில் சண்டை பிறந்தது. தன் இரண்டாம் விருப்பமான மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த மாணவர், முதல் விருப்பத்தின் காத்திருப்புப் பட்டியலில் தன் பெயர் மேலே ஏறுமா என்று கடைசி நொடிவரை பார்த்திருப்பார். ஏறிவிட்டால் இதை விட்டுவிடுவார். அந்த நேரத்துக்குள் இந்த மருத்துவமனையின் அடுத்த தேர்வுகள் எல்லாம் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் மருத்துவமனைகள் அவகாசத்தைச் சுருக்கிக்கொண்டே போயின. 1945இல் 10 நாள், அடுத்த ஆண்டு 8 நாள். 1949இல் ஒரு யோசனை வந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் தந்தி அடிப்பது, அன்று நண்பகல்வரை மாணவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். அந்த 12 மணி நேரம்கூட அதிகம் என்று மருத்துவமனைகளின் சங்கம் மறுத்தது.

அந்தக் காலத்து மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். இரவில் வாசலில் தந்திக்காரர். கையில் ஒரு தாள், உடனே பதில் வேண்டும். கேட்க அப்பா பக்கத்தில் இல்லை, பேராசிரியர் தூங்கிக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையின் இவ்வளவு பெரிய முடிவை இப்படியா எடுப்பது? மாணவர் ஒருவர்மேலும் இங்கே குற்றம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் மருத்துவமனை ஒவ்வொன்றும்கூடத் தன் நோயாளிகளுக்கு ஆள் வேண்டுமே என்றுதான் ஓடியது. ஆள் ஆளுக்கு நியாயம் இருந்தும் மொத்தத்தில் அநியாயம் நடந்தது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் எஃப். ஜே. மல்லினும், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்டால்னேக்கரும் ஒரு மாற்று வழி சொன்னார்கள். யாரும் யாருக்கும் தந்தி அடிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் விருப்பப் பட்டியலை ஒரு மையத்துக்கு அனுப்பட்டும், மையம் பொருத்திக் கொடுக்கும். 1950–51இல் அதற்கு ஒரு வெள்ளோட்டம் நடந்தது. துளை அட்டைகளும் அவற்றை வகைபிரிக்கும் இயந்திரங்களும்தான் கருவி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த வெள்ளோட்ட முறையை மாணவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். அதில் ஒரு பொறி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மாணவர் ‘அ’ மருத்துவமனையை முதலிலும் ‘ஆ’வை இரண்டாவதிலும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ அவரை எடுக்கவில்லை. ‘ஆ’வோ அவரைத் தன் முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறது. ‘ஆ’ கிடைக்க வேண்டும்தானே? அந்த முறையில் கிடைக்காமல் போகலாம். ‘ஆ’ இரண்டாம் வரிசையில் வைத்திருந்த இன்னொருவர் ‘ஆ’வைத் தன் முதல் விருப்பமாக எழுதியிருந்தால், இயந்திரம் அவரை முதலில் உள்ளே விட்டுவிடும். ‘அ’வுக்கு ஆசைப்பட்ட குற்றத்துக்காக நம் மாணவர் ‘ஆ’வையும் இழப்பார். அப்படியென்றால் புத்திசாலி என்ன செய்வார்? மனதில் இருப்பதை எழுதாமல், எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு எழுதுவார். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை, மறைத்தவருக்கு இடம்.

மாணவர்கள் எதிர்த்தார்கள். 1951இல் பல கல்லூரிகளின் மாணவர்கள் தேசிய அளவில் ஒரு குழுவாகத் திரண்டார்கள். ஹார்வர்டு மருத்துவ மாணவர் ஹார்டி ஹென்ட்ரென் அதில் முன்னால் நின்றார். போர்க்காலத்தில் கடற்படையில் விமானம் ஓட்டப் பயின்றுவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். பின்னாளில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் தலைவராக உலகப் பெயர் பெற்றார். அவர்கள் வெறும் ‘கூடாது’ என்று சொல்லி நிற்கவில்லை. வேறொரு முறையைக் கையில் கொண்டுவந்தார்கள். ‘பாஸ்டன் பூல்’ திட்டம் என்று அதற்குப் பெயர். அதில் எந்தப் பொருத்தமும் முதலில் தற்காலிகம்தான். மருத்துவமனையும் மாணவரும் ஒருவரையொருவர் கைவசம் வைத்திருப்பார்கள், மேலான விருப்பம் கைகூடினால் மாறிக்கொள்வார்கள். விட்டுப்போன இடம் அடுத்தவருக்குப் போகும். மாற்றம் ஏதும் மிச்சமில்லாதபோதுதான் முடிவு உறுதியாகும். மேலே ஆசைப்பட்டுக் கிடைக்காதவர் அதற்காகக் கீழே எதையும் இழக்க மாட்டார்.

பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களையும் பாராட்ட வேண்டும். நான்காம் ஆண்டு மாணவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதும் அறிவித்த முறையைத் திருத்திக்கொள்ளும் நிர்வாகங்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்? 1952இல் முதல் மேட்ச் நடந்தது. பட்டதாரிகள் ஏறத்தாழ 6,000 பேர், காத்திருந்த இன்டர்ன்ஷிப் இடங்கள் ஏறத்தாழ 10,400.

பத்து ஆண்டுகள் கழித்து, இந்தக் கதை எதுவும் தெரியாமல், டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் உதாரணமாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ‘இருவருமே தத்தம் துணையை விட்டுவிட்டு ஒன்றுசேர விரும்பும் ஜோடி’ ஒன்றுகூட மிஞ்சாதபடி எல்லோரையும் பொருத்த முடியுமா? முடியும் என்று 1962இல் நிறுவினார்கள். அந்த வழியும் மருத்துவமனைகளின் மேட்ச் முறையும் சாராம்சத்தில் ஒன்றே என்று 1984இல் காட்டியவர் பொருளியலாளர் ஆல்வின் ராத். இங்கிலாந்திலும் இதே சிக்கலுக்கு வட்டாரந்தோறும் வேறு வேறு முறைகள் வைத்துப் பார்த்தார்கள். பர்மிங்ஹாமிலும் நியூகாசிலிலும் அப்படித் துணையை விட்டு ஒன்றுசேர விரும்பும் ஜோடிகளை மிச்சம் வைத்த முறைகள் தாக்குப்பிடிக்காமல் கைவிடப்பட்டன. ஹென்ட்ரென் குழுவின் எதிர்ப்பு எவ்வளவு சரியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ராத்துக்கும் ஷேப்லிக்கும் 2012இல் பொருளியல் நோபல் கிடைத்தது. கேல் 2008இலேயே இறந்துவிட்டார்.

பிறந்த குழந்தைக்கு வளர வளரப் புதுச் சட்டை தேவைப்பட்டது. பெண்கள் அதிகமாக மருத்துவம் படிக்க வந்ததும் கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். இருவரில் ஒருவர் ‘முதன்மையானவர்’ என்று குறிப்பிடச் சொன்னது பழைய ஏற்பாடு. அது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை, பலர் மேட்சை விட்டே விலகினார்கள். 1983 முதல் ஜோடியாகவே பட்டியல் எழுதலாம் என்று ஆனது. 1990களில் மாணவர் அமைப்புகள் மறுபடியும் ஒரு கேள்வி எழுப்பின. கணக்கு மருத்துவமனையின் பக்கமிருந்து தொடங்குகிறது, அது மருத்துவமனைக்குச் சாதகம் இல்லையா? கொள்கையளவில் ஆம். ராத்தும் எலியட் பெரான்சனும் மாணவர் பக்கமிருந்து தொடங்கும்படி முறையை மாற்றி அமைத்தார்கள், 1998 மேட்சில் அது நடைமுறைக்கு வந்தது. உண்மையில் முடிவு மாறக்கூடியவர்கள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆனாலும் அந்த ஒருவருக்காகத் திருத்தியது நியாயம்தான்.

எல்லாக் குறையையும் இது தீர்த்துவிடாது. கிராமப்புற மருத்துவமனைக்கு ஆள் நிரம்பவில்லை என்றால், அப்படிப்பட்ட ஜோடி மிஞ்சாத, அதாவது நிலையான, எந்தப் பொருத்தத்திலும் அது நிரம்பாது என்று 1986இல் ராத் நிறுவியிருக்கிறார். கணக்கை மாற்றினால் போதாது, அந்த ஊரின் நிலையை மாற்ற வேண்டும். சம்பளத்தைப் பேரம் பேச முடியாதபடி மேட்ச் தடுக்கிறது என்று 2002இல் இளம் மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மேட்சைக் காப்பாற்றியது. வழக்கு முடிந்ததே தவிர, ரெசிடென்ட்களின் வேலைப் பளு பற்றிய அவர்கள் வருத்தம் முடியவில்லை.

இன்று இடங்கள் 40,000ஐத் தாண்டிவிட்டன. முன்பு மருத்துவமனைகள் மாணவருக்காக ஓடின, இப்போது மாணவர்கள் இடத்துக்காக ஓடுகிறார்கள். செப்டம்பரில் விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரிவரை நேர்காணல். கோவிட்டுக்குப் பிறகு பெரும்பாலும் காணொளியில்தான். நேர்காணலில் “எங்களை எத்தனாவது இடத்தில் எழுதுவாய்?” என்று கேட்பதை மேட்ச் விதி தடை செய்கிறது. யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

நேர்காணல்கள் முடிந்து பட்டியல் எழுத உட்காரும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. “அவர்கள் என்னை எடுப்பார்களா?” என்று யோசித்து வரிசையை மாற்றாதீர்கள். “நீ இந்தியாவிலிருந்து வந்தவன், பெரிய இடத்தை மேலே எழுதினால் சின்ன இடமும் போய்விடும்” என்று சீனியர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பொறியை 1951இலேயே உங்களைப் போன்ற மாணவர்கள் எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். மனதில் முதலாவதாக இருப்பதை முதலாவதாக எழுதுங்கள், போகச் சம்மதமுள்ள எல்லா இடங்களையும் அதன் கீழே எழுதுங்கள். போக மனமில்லாத இடத்தை மட்டும் எழுதாதீர்கள். எழுதி, கிடைத்துவிட்டால், போய்த்தான் ஆக வேண்டும்.