இரைப்பைப் பாதையும் எங்க ஊர் ரோடும்

போன மாசம் உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தப்போ அம்மா முட்டியைக் காட்டி, "நீதான் எல்லாத்தையும் நெட்ல பாப்பியே, இந்தக் கோடு நெஜமாவே உள்ள இருக்காடா?"ன்னு கேட்டாங்க. முட்டி வலிக்கு அக்குபஞ்சர் போறாங்க. சிப்பிக்குக் கீழே நாலு விரல், எலும்புக்கு வெளியே ஒரு விரல் தள்ளி ஊசி. அது வரைக்கும் சரி. "இரைப்பைப் பாதை அடைச்சிருக்கு, திறந்துட்டா சர்க்கரையும் இறங்கிடும், மாத்திரையை நிறுத்துங்க"ன்னு ஊசி போட்டவர் சொன்னாராம். அடுத்த ரெண்டு ராத்திரி இதையே படிச்சிட்டிருந்தேன்.

அந்தப் புள்ளி பேரு சூசான்லி, அதாவது 'கால் மூணு லி'. லி-ங்கறது சீனாவுல தூரம் அளக்கற அளவு. ஜப்பான் கவிஞர் பாஷோ 1689-ல நெடும்பயணம் கிளம்பறதுக்கு முன்னாடி இங்கதான் மூலிகை வச்சு சூடு போட்டுக்கிட்டார். இரைப்பைப் பாதை கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம், மார்பு, தொப்புள் பக்கம், தொடை வழியா இறங்கி ரெண்டாவது கால்விரல்ல முடியுது. மொத்தம் 45 புள்ளி. இன்னிக்கு எல்லா சார்ட்லயும் இப்படித்தான்.

ஆனா எப்பவும் இப்படி இல்லைங்க. 1973-ல சீனாவோட சாங்ஷா பக்கம் மாவாங்துய் கல்லறையைத் தோண்டினப்போ பட்டுத்துணியில எழுதின மருத்துவச் சுவடிகள் கிடைச்சுது. கி.மு. 168-ல புதைச்சது. அதுல பாதை 12 இல்ல, 11தான். ஊசியே கிடையாது, சூடு மட்டும். பேர் வச்ச புள்ளிகளும் கிடையாது. அதுல ஒரு சுவடியில 11 பாதையும் கைகால்லேர்ந்து உடம்பை நோக்கி ஓடுது. அதாவது இதே இரைப்பைப் பாதை கால்லேர்ந்து மூக்கை நோக்கி மேலே ஏறுது! அப்புறம் வந்த 'லிங்ஷூ' நூல்லதான் பன்னிரண்டாவது பாதை சேர்ந்து, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து வட்டமாச்சு. இரைப்பை தலைகீழா திரும்பிடுச்சு.

எங்க ஊர்ல சென்னை ரோடு திருச்சிக்கும் சேலத்துக்கும் பிரியும். 45-ஆ இருந்தது 38 ஆச்சு, 68-ஆ இருந்தது 79 ஆச்சு. 2019-ல மாவட்டமே மாறி கள்ளக்குறிச்சிக்குப் போயிட்டோம். நம்பர்தான் மாறுச்சு, ரோடு அங்கயேதான் கிடக்கு. லாரி போறதைக் கண்ணால பாக்கலாம். இங்க ரோடே திசை மாறியிருக்கு. உடம்பை அறுத்துப் பாத்துப் போட்ட படமா இருந்தா அப்படி மாறாது. தலைமுறை தலைமுறையா வைத்தியர்கள் யோசிச்சுத் திருத்தின வரைபடம் அது. 'மெரிடியன்'ங்கற பேர்கூட பிரெஞ்சுக்காரர் சூலியே த மொராந்த் 1930-கள்ல பரப்பினது.

அப்போ ஊசி சும்மாவா? அதுவும் இல்ல. 2006-ல வெளியான ஜெர்மன் ஆய்வுல முட்டி வலிக்காரங்க 1,007 பேர். சரியான புள்ளியில குத்தினதுல 53 சதவீதம் பேருக்கு பலன். வேணும்னே புள்ளி இல்லாத இடத்துல குத்தினதுல 51. வழக்கமான வைத்தியத்துல 29. வலி குறையுதுங்கறாங்க, ஆனா கோட்டுமேலதான் குத்தணும்னு இல்ல போல! இதுல சர்க்கரையைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல.

அம்மாகிட்ட இதை அரைமணி நேரம் சொன்னேன். "அப்ப வலிக்குப் போலாம்ல?"ன்னாங்க. போங்கம்மான்னேன். பஸ் ஏறறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாத்தேன். ஒன்பது நாள் மாத்திரை அப்படியே இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி பஸ்ஸை விட்டுட்டு, காலைல அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.