ஒரு புல்வெளியின் ஸ்தல புராணம்

ஒரு க்ஷேத்திரம் பிரசித்தி அடைய மூர்த்தி, ஸ்தலம், தீர்த்தம் மூன்றும் சிறந்திருக்க வேண்டும் என்று பெரியோர் சொல்வார்கள். நான்காவதாக ஒன்றை அடக்கத்தினால் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் போலும். இந்த மூன்றின் பெருமையையும் பாடுவதற்கு ஒரு புலவர் வேண்டும். புலவர் கால் படாத கோயிலில் கடைசியில் குருக்களும் வௌவாலுந்தான் மிஞ்சும்!

கோல்ஃப் ஆட்டத்தின் சரித்திரத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு பந்தைக் கோலால் அடித்து அடித்து, எங்கோ தொலைவில் இருக்கும் குழியில் விழச் செய்யும் ஆட்டம் அது. பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே ஜயம்.

நமது க்ஷேத்திரம் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் இருக்கிறது. மூர்த்தி, பாபி ஜோன்ஸ். ஆட்டத்துக்காகக் காசு வாங்காதவர். 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளிலும் ஜயித்து, இருபத்தெட்டாவது வயதிலேயே ஓய்வு பெற்றார். மறு வருஷம் அவரும் கிளிஃபர்டு ராபர்ட்ஸ் என்ற நண்பரும் சேர்ந்து ஒரு பழைய நாற்றுப் பண்ணையை வாங்கினார்கள். 365 ஏக்கர். இன்றும் அங்கே ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர்தான்.

மைதானத்தை வகுத்த ஸ்தபதி டாக்டர் அலிஸ்டர் மெக்கன்ஸி. போயர் யுத்தத்தில் வைத்தியராகச் சென்றவர். மண்ணோடு மண்ணாகப் பதுங்கிப் போராடிய போயர்களைக் கண்டு, மனிதன் செய்ததை இயற்கை செய்தது போலக் காட்டும் வித்தையைக் கற்றார். அகஸ்டாவிலும் அதுதான் நடந்தது. மணற்குழிகள் சொற்பம், மேடு பள்ளம் அதிகம். சாதாரண ஆட்டக்காரர் தட்டுத் தடுமாறியாவது கரையேறிவிடுவார். வீரருக்கோ ஒவ்வோர் அடியும் சோதனை. பாவம், டாக்டருக்குப் பேசிய ஊதியம் முழுவதும் கிடைக்கவில்லை. 1934 ஜனவரியில் காலமானார். இரண்டு மாதம் கழித்து நடந்த முதல் போட்டியைப் பார்க்க அவர் கொடுத்து வைக்கவில்லை.

அது பொருளாதார மந்த காலம். சங்கத்தில் சேர ஆள் இல்லை. கையில் பணமும் இல்லை. பின் எப்படிப் பிழைத்தது? இங்கேதான் புலவர்கள் வருகிறார்கள். ஃபுளோரிடாவில் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பும் பத்திரிகை நிருபர்கள் வழியில் இறங்கிப் பார்க்கும்படியாகப் போட்டியின் நாட்களைக் குறித்தார்கள். பிரபல விளையாட்டு நிருபர் கிராண்ட்லண்ட் ரைஸ் சங்கத்தின் ஆரம்பகால அங்கத்தினராகவே இருந்தார்.

1935-ல் அந்த யுக்தி பலித்தது. கிரெய்க் வுட் ஆட்டத்தை முடித்துவிட்டு வெற்றி நமக்கே என்றிருந்தார். அவருக்கு மூன்று அடி பின்தங்கியிருந்த ஜீன் சாரசன், ஐந்து அடியில் முடிக்க வேண்டிய பதினைந்தாவது குழியில், ஏறக்குறைய 230 கஜ தூரத்திலிருந்து இரண்டாவது அடியிலேயே பந்தைக் குழிக்குள் அனுப்பிவிட்டார்! மறுநாள் நடந்த தனிப் பந்தயத்திலும் அவரே ஜயித்தார். அந்த அடியை நேரில் கண்டவர்கள் இரண்டு டஜன் பேர் இருக்கலாம். பத்திரிகைகளோ தேசம் முழுவதற்கும் அதைக் காட்டிவிட்டன.

தீர்த்த மகிமை 1958-ல் எழுதப்பட்டது. ரே ஓடை பாயும் பதினோராவது, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது குழிகளின் பக்கத்துக்கு 'ஆமென் மூலை' என்று பெயர் சூட்டினார் ஹெர்பர்ட் வாரன் விண்ட் என்ற எழுத்தாளர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கிடையே, 1956-லேயே தொலைக்காட்சியும் உள்ளே வந்திருந்தது.

கோயில் பணக்காரக் கோயில் ஆனதும் தர்மகர்த்தாக்கள் என்ன செய்வார்கள்? புலவருக்குக் கட்டளை இடுவார்கள். 1966-ல் தொலைக்காட்சி வர்ணனையாளர் ஜாக் விட்டேக்கர் ரசிகர்களைக் 'கும்பல்' என்று சொல்லிவிட்டார். சில ஆண்டுகள் அவருக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. 1994-ல் கேரி மெக்கார்டு புல்தரையின் வழவழப்பை அழகு நிலையத்துச் சமாசாரம் ஒன்றோடு ஒப்பிட்டார். அவரும் வெளியே!

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. புராணம் பாடாமல் விட்டவை அப்படியல்ல. 1982 வரையில் அங்கே ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்தவர்கள், சங்கம் அமர்த்திய கறுப்பு இனத்தவர்கள். சுமக்கலாம், ஆட முடியாது. தொழில்முறைப் போட்டிகளில் 1967-லும் 1969-லும் வென்ற கறுப்பரான சார்லி சிஃபர்டுக்கு ஒருநாளும் அழைப்பு வரவில்லை. 1975-ல்தான் லீ எல்டர் என்ற முதல் கறுப்பு ஆட்டக்காரர் அந்தப் புல்லை மிதித்தார்.

அப்புறம் கதவைத் தட்டியதும் பத்திரிகைதான். 1990-ல் அலபாமா மாநிலத்தின் ஷோல் கிரீக் மைதானத்தில் ஒரு பெரிய போட்டி நடக்கவிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, அந்தச் சங்கத்தில் கறுப்பர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டது. கிடைத்த பதில் அச்சேறியதும் விளம்பரக் கம்பெனிகள் விலக, கோல்ஃப் உலகமே ஆட்டம் கண்டது. அதே வருஷம் அகஸ்டா தன் முதல் கறுப்பு அங்கத்தினரைச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் விஷயத்தில் 2002-ல் கிளர்ச்சி எழுந்தபோது, சங்கம் இரண்டு ஆண்டு விளம்பரமே இல்லாமல் போட்டியை ஒளிபரப்பியதே தவிர, இறங்கி வரவில்லை. 2012-ல்தான் காண்டலீசா ரைஸ், டார்லா மூர் என்ற இரு பெண்மணிகள் அங்கத்தினர் ஆனார்கள்.

அகஸ்டாவை உலகப் பிரசித்தம் ஆக்கியவர்கள் பாட்டுப் பாடிய நிருபர்கள். அதைக் கொஞ்சமாவது நியாயமான இடம் ஆக்க, கேள்வி கேட்ட நிருபர்களும் வேண்டியிருந்தார்கள். முன்னவர்களுக்கு அங்கே வரவேற்பு இருந்தது. பின்னவர்களுக்கு யார் பரிவட்டம் கட்டப் போகிறார்கள்?