தோல்விக் கண்ணீர் (விளையாட்டு)

தோல்விக் கண்ணீர் என்பது, போட்டியில் தோற்ற வீரரோ வீராங்கனையோ களத்திலேயே அழுது தம் துயரை வெளிப்படுத்துவதைக் குறிக்கும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத் தொடர்களில் இது ஆண்டுதோறும் காணப்படும் காட்சியாகும். இந்தியாவிலும் துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகியவற்றில் இத்தகைய நிகழ்வுகள் பல உள்ளன. இதனை மனவலிமைக் குறைவு எனச் சிலர் கருதுவர். எனினும், அழுகைக்குப் போட்டியின் அமைப்பும் ஒரு முக்கியக் காரணமாகும்.

தமிழ் இலக்கண மரபில்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் அழுகையும் ஒன்று. அழுகை தோன்றுவதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் இழவு (உடையதை இழத்தல்), இளிவு (பிறர் முன் தாழ்வுறுதல்) ஆகிய இரண்டும் விளையாட்டுத் தோல்விக்குப் பெரிதும் பொருந்துவன.

போட்டி அமைப்பு

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் ஆண்கள் கூடைப்பந்தாட்டத் தொடர் 1939ஆம் ஆண்டு 8 அணிகளுடன் தொடங்கியது. 2011ஆம் ஆண்டில் அணிகளின் எண்ணிக்கை 68 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு முறை தோற்ற அணி வெளியேறிவிடும். எனவே 68 அணிகள் ஆடும் தொடரில் 67 அணிகள் தோல்வியுடனேயே விடைபெறுகின்றன. சுழல்முறைப் போட்டியில் தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் உண்டு; இங்கு அது இல்லை. கல்லூரி வீரர்களுள் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்வதால், இறுதியாண்டு மாணவர் பலருக்கு அத்தோல்வியே வாழ்வின் கடைசிப் பெரும் போட்டியாகிவிடுகிறது.

2006ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று ஓக்லாந்து நகரில் நடைபெற்ற ஆட்டம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியைவிட ஒரு கட்டத்தில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்த கொன்சாகா பல்கலைக்கழக அணி, 71-73 எனத் தோற்றது. கொன்சாகாவின் முன்னணி வீரர் ஆடம் மோரிசன் ஆடுகளத்தில் விழுந்து அழுதார். எதிரணி வீரர்கள் தம் கொண்டாட்டத்தினிடையே வந்து அவரைத் தேற்றி எழுப்பினர். அவ்வாண்டே அவர் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வின் வீரர் தேர்வில் மூன்றாவதாகத் தெரிவு செய்யப்பட்டார்.

இந்திய நிகழ்வுகள்

- 1996: மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரங்கில் நடைபெற்ற உலகக்கிண்ணத் துடுப்பாட்ட அரையிறுதியில், இலங்கையின் 251 ஓட்டங்களுக்கு எதிராக இந்தியா 8 இலக்குகளை இழந்து 120 ஓட்டங்கள் எடுத்திருந்தது. பார்வையாளர்களின் வன்முறையால் ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. ஆட்டமிழக்காதிருந்த வினோத் காம்ப்ளி அழுதவாறே வெளியேறினார்.
- 2021: டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அரையிறுதி வரை முன்னேறிய இந்திய மகளிர் வளைதடிப் பந்தாட்ட அணி, ஆகத்து 6 அன்று வெண்கலப் பதக்கப் போட்டியில் பெரிய பிரித்தானியாவிடம் 3-4 எனத் தோற்றது. வீராங்கனைகள் களத்திலும், பின்னர்ப் பிரதமர் தொலைபேசியில் பேசியபோதும் அழுதனர்.
- 2021: அதே ஒலிம்பிக்கில், சென்னையைச் சேர்ந்த வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி முதல் ஆட்டத்தில் 15-3 என வென்று, அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 எனத் தோற்றார். ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்திய வாள்வீச்சாளர் அவரே. ஆயினும் அவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.
- 2023: தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணி, நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது முகமது சிராஜ் களத்தில் அழுதார்.

உளவியல் விளக்கம்

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் காட்சிப்பதிவுகளைக் கொண்டு மெட்வெக், மேடி, கிலோவிச் ஆகியோர் ஓர் ஆய்வு நடத்தி 1995இல் வெளியிட்டனர். வெள்ளி வென்றவரைவிட வெண்கலம் வென்றவரே மகிழ்ச்சியாகக் காணப்பட்டனர் என்பது அதன் முடிவு. வெள்ளி பெற்றவர் நழுவிய தங்கத்தையும், வெண்கலம் பெற்றவர் வெறுங்கையுடன் திரும்பாமையையும் எண்ணுவதே இதற்குக் காரணம் என அவர்கள் விளக்கினர். வெற்றியை நெருங்கித் தோற்றோரின் துயர் மிகுதியாக இருப்பதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

பார்வையாளரின் பங்கு

இழப்பினால் வரும் கண்ணீர் ஆட்டத்துடன் இயல்பாக இணைந்தது. இளிவினால் வரும் கண்ணீரோ பெரும்பாலும் பார்ப்போரின் ஏளனத்தாலும் மிகையான எதிர்பார்ப்பாலும் உண்டாவது. மோரிசன் அழுததைப் பலர் கேலி செய்தனர்; அவரைத் தூக்கி நிறுத்தியவர்களோ அவரை வென்ற அணியினரே என்பது குறிப்பிடத்தக்கது.