மடித்துக் கொடுத்த அட்டை

பேய்ப் படம் முடிந்து வெளியே வரும்போது யாராவது என்னிடம் மைக்கை நீட்டினால், திட்டித்தான் அனுப்புவேன். காமெடிப் படம் என்றால் தாராளமாகப் புகழ்வேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கதை என்ன என்றே ஞாபகம் இருக்காது. அழ வைத்த படத்துக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் மார்க். அந்த மார்க் படத்துக்கா, என் கண்ணீருக்கா என்று கேட்டால் முழிப்பேன்.

இப்படித் தியேட்டர் வாசலில் நிற்கிறவனின் அபிப்பிராயத்தையே ஒரு தொழிலாக்கலாம் என்று அமெரிக்காவில் ஒருவருக்குத் தோன்றியது. பெயர் எட் மின்ட்ஸ். தோன்றியதற்குக் காரணம், பார்த்து ஏமாந்த ஒரு காமெடிப் படம்.

1978-இல் வந்த ‘தி சீப் டிடெக்டிவ்’. எழுதியவர் நீல் சைமன், நாடக மேடையிலிருந்து வந்து சிரிக்க வைப்பதில் கொடிகட்டிப் பறந்தவர். ஹம்ப்ரி போகார்ட்டின் பழைய துப்பறியும் படங்களைக் கிண்டலடிக்கிற கதை; நாயகன் பீட்டர் ஃபால்க். மின்ட்ஸ் சைமனின் ரசிகர். ஆனாலும் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. விமர்சகர்களை விடுங்கள், நம்மைப் போல டிக்கெட் வாங்கிப் பார்த்தவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்தால் தேவலை என்கிற மாதிரி இன்னொருவர் அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

அலுத்துக்கொள்வது யாருக்கும் வரும். அதைக் கணக்காக்குவதற்கு ஒரு கருவி வேண்டுமே. அது கிடைத்தது யோம் கிப்பூர் வழிபாட்டில். யூதர்கள் பட்டினி கிடந்து பாவமன்னிப்பு வேண்டும் நாள் அது. ஆசாரம் பார்க்கிறவர்கள் அன்று எழுத மாட்டார்கள், பணத்தைத் தொடவும் மாட்டார்கள். ஆனால் கோயிலுக்கு நன்கொடை சேர வேண்டும். அதற்காக ஓர் அட்டை வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள். எவ்வளவு தர எண்ணமோ அந்தத் தொகைக்கான நாக்கை மடித்துக் கொடுத்துவிட்டால் போதும். நம்மூர்க் கல்யாணத்தில் மொய் எழுத ஒரு நோட்டும் பேனாவும் ஒரு சித்தப்பாவும் வேண்டும். அங்கே ஒரு மடிப்போடு காரியம் முடிந்தது.

மின்ட்ஸுக்கு அந்த அட்டை போதுமானதாக இருந்தது. படம் முடிந்து கூட்டம் வெளியேறும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அரை இருட்டு, ஒரு கையில் குழந்தை, வண்டியை எடுக்கிற அவசரம். பேனா தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? மடிக்கச் சொன்னால் நடந்துகொண்டே மடித்துவிடுவார்கள். 1979-இல் ‘சினிமாஸ்கோர்’ பிறந்தது.

அட்டையில் இருப்பது கொஞ்சம்தான். ஆணா பெண்ணா, வயது என்ன, எதை நம்பி வந்தீர்கள் என்ற கேள்விகள். அப்புறம் பள்ளிக்கூட கிரேடு: ஏ, பி, சி, டி, எஃப். (நம்மூரில் சினிமாவுக்கு ‘ஏ’ என்றால் சென்சார்காரர்தான் நினைவுக்கு வருவார். இது வேறு.) படம் வெளியாகிற அன்றே, சில ஊர்களில் மட்டும், வெளியே வருகிறவர்களிடம் சில நூறு அட்டைகள் வாங்குவார்கள். முதலில் அந்த முடிவுகள் பத்திரிகைப் பத்தியாகவும் வானொலி நிகழ்ச்சியாகவும் சாதாரண ஜனங்களுக்குத்தான் போயின. 1989-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தேடி வந்தது. அதிலிருந்து விவரங்களை ஸ்டூடியோக்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரனுக்காகத் தொடங்கியது தயாரிப்பாளரின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் நாளே அடித்துப் பிடித்துப் போகிறவன் பாதி ரசிகன். அதனால் கிரேடு பெரும்பாலும் தாராளமாகத்தான் விழும். ‘பி’ என்றாலே ஸ்டூடியோவில் முகம் சுருங்கும். ‘டைட்டானிக்’ ஏ பிளஸ். பேய்ப் படங்களுக்கு மட்டும் இந்த அட்டையில் ராசி கிடையாது. சி வாங்கினாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 2013-இல் ‘தி கான்ஜுரிங்’ ஏ மைனஸ் வாங்கியது செய்தியானது. 2018-இல் ‘ஹெரெடிட்டரி’யை விமர்சகர்கள் கொண்டாடினார்கள், அட்டை கொடுத்தது டி பிளஸ். ஸ்டீவன் சோடர்பெர்க்கின் ‘சோலாரிஸ்’ 2002-இல் வந்தது. ஜார்ஜ் க்ளூனி முகத்தையும் காதலையும் காட்டி ஆளைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் விண்வெளியில் துக்கம், மௌனம், மறுபடி மௌனம். விழுந்தது எஃப். படம் அவ்வளவு மோசமில்லை. கல்யாணச் சாப்பாடு என்று கூட்டிப்போய்க் கஞ்சி ஊற்றினால், கஞ்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பந்தியில் சத்தம் வரத்தானே செய்யும்?

மறைந்த விமர்சகர் ராஜர் ஈபர்ட் இந்த எதிர்பார்ப்புச் சிக்கலைத் தன் நட்சத்திரங்களிலேயே சரிக்கட்டப் பார்த்தார். 2004-இல் ‘ஷாவோலின் சாக்கர்’ படத்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தபோது, தன் மதிப்பெண் எல்லாப் படங்களுக்கும் பொதுவானதல்ல, அந்தந்த வகைக்குள் ஒப்பிட்டுப் போடுவது என்று விளக்கினார். ‘ஹெல்பாய்’ என்கிற காமிக்ஸ் படம் எப்படி என்று கேட்கிறவன் அதை ‘மிஸ்டிக் ரிவர்’ மாதிரி சீரியஸான படத்தின் பக்கத்தில் வைத்துக் கேட்பதில்லை என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனந்த விகடன் அப்படிச் சலுகை காட்டியதாகத் தெரியவில்லை. 1977-இல் ‘16 வயதினிலே’வுக்குக் கொடுத்த 62.5 மார்க்கைத்தான் இன்றும் பெரிய சாதனையாகச் சொல்கிறோம். அமெரிக்க அட்டைக்காரர்களிடம் இதைச் சொன்னால் படம் ஃபெயிலா என்று கேட்பார்கள்.

என்னிடம் அந்த அட்டையை யாராவது 2010 பொங்கலன்று நீட்டியிருக்க வேண்டும். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’. இடைவேளை வரைக்கும் கடல், பாம்பு, பொறிகள், கார்த்தியின் நக்கல். நான் விசிலடித்த கூட்டத்தில் ஒருவன். இடைவேளைக்குப் பிறகு பட்டினியில் கிடக்கும் சோழ ஜனங்கள் வந்தார்கள், பார்த்திபன் வந்தார், என் வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. புதையல் வேட்டை என்று நம்பிப் போனவன் நான். டியை மடித்துக் கொடுத்திருப்பேன், சந்தேகமே இல்லை.

2020-இன் கடைசி நாளில் அதே படத்தை மறுபடி தியேட்டரில் போட்டார்கள். கொரோனா நேரம், ஒரு சீட் விட்டு ஒரு சீட். என்ன வரப்போகிறது என்று தெரிந்தே போய் உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகுதான் நிமிர்ந்தே உட்கார்ந்தேன். முடிந்து விளக்கு போட்டதும், நடுவில் காலி சீட் விட்டு அந்தப் பக்கம் இருந்த பையன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். முதல் தடவை வந்தபோது மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்திருப்பான்.

“செம படம்ல அண்ணே? அப்ப ஏன் ஓடலை?”

நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி சிரித்துவைத்தேன்.