சேர்க்கைக்குப் பின்: நெறியாளரும் ஆய்வு மாணவரும்

1916இல் அம்பேத்கர் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போனபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியராக இருந்த எட்வின் செலிக்மன், லண்டனில் இருந்த பொருளியலறிஞர் ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதினார். 1923இல் வெளியான அம்பேத்கரின் ரூபாய் பற்றிய ஆய்வு நூலுக்கு முன்னுரை தந்தவர் அவருடைய லண்டன் பேராசிரியர் எட்வின் கானன். நூலின் வாதங்கள் பலவற்றில் தமக்கு உடன்பாடில்லை என்று அந்த முன்னுரையிலேயே சொன்னார். பரோடா அரசின் உதவித்தொகை அம்பேத்கரைக் கடல் கடக்க வைத்தது; அறிவுலகில் கால் ஊன்ற இத்தகைய ஆசிரியர்களும் துணைநின்றார்கள்.

பத்தாண்டு கழித்துப் பெங்களூரில் நிலைமை வேறு. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் (பின்னாளில் சோஹோனி) இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதற்காகவே இயக்குநர் சி.வி. ராமன் மறுத்தார். கமலா நேரில் போய் வாதாடினார். கடைசியில் இடம் கிடைத்தது, நிபந்தனையோடு: ஓராண்டு தகுதிகாண் பருவம், இயக்குநருக்குத் திருப்தி வரும்வரை கமலாவின் ஆய்வுக்கு அங்கீகாரம் இல்லை. அதே வளாகத்தில் ஆசிரியராக இருந்த ஸ்ரீனிவாசய்யா அவரைத் தம் மாணவராக ஏற்று, பால், பயறு வகைகளின் புரதங்களில் பயிற்றுவித்தார். 1939இல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

ராமனிடமே 1940இல் சேர்ந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி. அவர் ஆராய்ந்த வைரங்களின் ஒளிர்வு மிக மங்கலானது. ஒரு நிறமாலையைப் படத்தகட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ராமன் தலைப்பும் தந்தார், வைரங்களும் தந்தார்; ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து பழகுவது அவருக்குப் பிடிக்காது. சக ஆய்வாளர்களோடு இயல்பாகப் பேசி வளரும் வாய்ப்பு பெண்களுக்கு அங்கே குறைவு. ஆய்வேடு சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்துவிட்டது.

ஆக, அன்றைக்கு எல்லாம் ஆளைப் பொறுத்தது. நல்ல 'கைடு' வாய்த்தால் பிழைத்தார்கள்.

விடுதலைக்குப் பின் இடஒதுக்கீடு வாசலைத் திறந்தது. உள்ளே நடப்பதை அரசு கவனிக்க வெகுகாலம் பிடித்தது. 2007இல் சுகதேவ் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸின் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை விசாரித்தது. ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை என்றே அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். 2012இல் பல்கலைக்கழக மானியக்குழு சமத்துவ விதிமுறைகளைக் கொண்டுவந்தது. பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்று ஆய்வு மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. 2022 விதிமுறைப்படி மாணவர் பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை விளக்க வேண்டும்.

ஆனால் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அதே நெறியாளர்தான். நெறியாளரால் சிக்கல் என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் அதை அவர் முன்னிலையில் எப்படிச் சொல்வார்? குழுவைக் கூட்டும் பொறுப்பை வேறொரு பேராசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். சேர்ந்த காலம் வீணாகாமல் நெறியாளரை மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும். இவ்விரண்டையும் பல்கலைக்கழகங்கள் அடுத்த சேர்க்கைக்குள் செய்யட்டும்.