மழைநீருக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

ஆற்றிலே நஞ்சைக் கொட்டுபவனைச் சட்டம் குற்றவாளி என்கிறது. கழிவுக்குழாய் எங்கே தொடங்குகிறது, அதனைத் திறந்துவிட்டவர் யார் என்று விசாரித்தறிதலும் எளிது. ஆயின், மழை பெய்து, மண் கரைந்து, ஆறு கலங்கினால் யாரை விசாரிப்பது? பொழிவது வானின் செயல். பள்ளம் நாடிப் பாய்வது நீரின் இயல்பு. கரைவது மண்ணின் குணம். ஆதலால், கலங்கல் நீருக்கு மனிதர் எவரும் பொறுப்பாளரல்லர் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது.

அவ்வெண்ணம் ஒரு நாட்டிலே படிப்படியாக மாறிய வரலாற்றையே இவ்வுரையிற் கூற விழைகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறிக் கட்டடவேலை செய்வோர், அவ்விடத்து மழைநீர் வாய்க்கால் வழியாகச் சென்று ஆற்றிலோ ஏரியிலோ விழுமாயின், வேலையைத் தொடங்குமுன் அதற்கென ஓர் அனுமதிப்பத்திரம் பெற்றாக வேண்டும். ‘மழைநீர் ஓடுவதற்கும் அனுமதியா?’ என்று நேயர்களிற் சிலர் வியத்தல் கூடும். அந்நாட்டவர் பலரும் அவ்வாறே வியந்தனர். வியந்ததோடு அமையாது வழக்காடவும் செய்தனர்.

மண் கரைவதால் விளையும் கேடு அந்நாட்டிற்குப் புதியதன்று. அதன் கிழக்குப் பகுதியிலுள்ள மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை அடையும் கன்பவுடர் ஆற்றின் கரையிலே, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோப்பா என்னும் துறைமுகப்பட்டினம் ஒன்று செழித்திருந்தது. புகையிலை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் அங்கே வந்து நின்றன. அப்பகுதியின் நீதிமன்றமும் அங்கேதான் இருந்தது. புகையிலைப் பயிருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. போர்வை இழந்த மேட்டுநிலத்து மண் மழைதோறும் ஆற்றை அடைந்தது. துறை மெல்ல மெல்லத் தூர்ந்தது. 1768இல் நீதிமன்றம் பால்ட்டிமோர் நகருக்கு மாற்றப்பட்டது. ஜோப்பா ஒரு பெயராக மட்டும் எஞ்சியது. கப்பல்களைப் பிணைப்பதற்கு நாட்டிய கற்கள், கப்பலோடும் நீரிலிருந்து இரண்டு மைல் அளவு விலகித் தரையிலே நின்றதனை 1945இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று பதிவு செய்தது.

அன்று மண்ணைக் கிளறியது கலப்பை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே அதனினும் வலிய கருவியொன்று வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்க நகரங்கள் நாற்புறமும் பரந்தன. புல்டோசர் இயந்திரங்கள் குன்றுகளைச் சமனாக்கின. வீதிகளும் வீட்டுத்தொகுதிகளும் எழுந்தன. இம்மாற்றத்தின் விளைவைப் பால்ட்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வொல்மன் ஆராய்ந்து, 1967இல் வெளியிட்டார். அவர் கண்ட கணக்கு வருமாறு: மேரிலாந்தின் மேட்டுநிலப் பகுதியில், காடு மூடிய ஒரு சதுர மைல் நிலத்திலிருந்து ஆண்டொன்றுக்கு 100 தொன்னுக்குக் குறைவான மண்ணே அரித்துச் செல்லப்பட்டது. உழுநிலமாயின் அது 300 முதல் 800 தொன் வரை உயர்ந்தது. கட்டடவேலைக்காகத் திறந்துகிடந்த சிறு நிலங்களிலோ, சதுர மைல் ஒன்றுக்கு ஓர் இலட்சம் தொன்னுக்கும் மேலாகக் கணக்கிடத்தக்க அரிப்பும் காணப்பட்டது. வேலை முடிந்து, தெருவும் கூரையும் புற்றரையும் நிலத்தை மூடியபின்னர், அரிப்பு மீண்டும் காட்டுநிலத்தின் அளவிற்குத் தாழ்ந்தது.

இக்கணக்கிலே இரு செய்திகள் அடங்கியுள்ளன. கட்டடவேலையின் கேடு மிகப் பெரிது என்பது ஒன்று. அது மிகக் குறுகிய காலத்தில் நிகழ்வது என்பது மற்றையது. நிலம் திறந்திருக்கும் ஓரிரு ஆண்டுகளிலேயே முழு அழிவும் நிகழ்ந்துவிடுகிறது. அக்காலத்தில் அந்நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு. ஒப்பந்தகாரர் ஒருவர் உண்டு. வேலை தொடங்கிய நாளும் முடிந்த நாளும் உண்டு. ஆகவே, பெயரற்றதென்று கருதப்பட்ட சேற்றிற்கு ஒரு பெயர் சூட்டுதல் கூடும் என்றாயிற்று. மேரிலாந்து மாநிலம் 1970இலேயே, வண்டலைத் தடுக்கும் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் பெறாது நிலத்தைச் சமனாக்குதல் ஆகாது எனச் சட்டமியற்றிற்று.

மத்திய அரசின் சட்டமோ வேறொரு வழியில் நடந்து வந்தது. 1899ஆம் ஆண்டின் நதிகள், துறைமுகங்கள் சட்டம், கப்பலோடும் நீரிலே குப்பை கொட்டுதலைத் தடை செய்தது. ஆயினும், தெருக்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் திரவமாக ஓடிவருவதனை அது விலக்கியே வைத்தது. குப்பை என்றால் கண்ணுக்குத் தோன்றும் பொருள்; நீரிலே கரைந்து வருவதைச் சட்டம் காணவில்லை. 1960இல் இந்நிலை சற்று அசைந்தது. சிக்காகோவிலுள்ள கலுமெற் ஆற்றிலே உருக்காலைகள் விட்ட கழிவுநீரில் மிதந்து வந்த நுண்துகள்கள் ஆற்றடியிற் படிந்து ஆழத்தைக் குறைத்தன. நீரோடு கலந்து வந்தாலும், படிந்தபின் அவை தடையே என்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அவை ஆலையிலிருந்து வந்தவை, மழையால் வந்தவையல்ல.

1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், கிளீவ்லாந்து நகரிலே கயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது. நீரின்மீது மிதந்த எண்ணெயும் குப்பையும் எரிந்தன. அந்த ஆறு அதற்கு முன்னரும் பன்முறை எரிந்ததுண்டு. இம்முறையோ நாடே திரும்பிப் பார்த்தது. 1970 டிசம்பரில் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. தூய நீர்ச் சட்டம் எனப் பின்னர் பெயர்பெற்ற சட்டத்தைக் காங்கிரசு 1972இல் நிறைவேற்றியது. செலவு மிகுதியென்று கூறி ஜனாதிபதி நிக்சன் அதற்கு இசைவு மறுத்தார். மறுநாள், அக்டோபர் 18ஆம் நாள், மேற்சபை 52க்கு 12 என்றும், கீழ்ச்சபை 247க்கு 23 என்றும் வாக்களித்து அம்மறுப்பை வென்றன. குழாய், வாய்க்கால், கால்வாய் முதலிய எந்தக் குறித்த வழியாலும் மாசினை நாட்டின் நீர்நிலைகளில் விடுவோர் அனுமதி பெறல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. மாசு என்னும் பட்டியலிலே பாறையும் மணலும் இடம்பெற்றன.

வாய்க்கால் வழியாக மழைநீரும் வருமே. அதிலே மணலும் இருக்குமே என்ற கேள்வி உடனே எழுந்தது. இலட்சக்கணக்கான மழைநீர் வாய்களுக்குத் தனித்தனியே பத்திரம் எழுதுதல் எவ்வாற்றானும் இயலாது என்று நிறுவனம் அஞ்சியது. ஆகவே 1973இல், மழைநீர் வடிகால்களிற் பெரும்பகுதிக்கு அது தானாகவே விலக்களித்தது. இயற்கை வளப் பாதுகாப்புச் சபை என்னும் பொதுநல அமைப்பு இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இவ்வரலாற்றின் திருப்புமுனை. சட்டம் விலக்களிக்காதபோது அதனை நடத்தும் நிறுவனம் விலக்களித்தல் ஆகாது என்று நீதிபதிகள் கூறினர். வேலை மிகுதி என்பது கடமையிலிருந்து நீங்கக் காரணமாகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் எழுத இயலாதாயின், ஒரேதன்மையான பலருக்கும் பொருந்தும்படி பொது அனுமதிப்பத்திரம் ஒன்று எழுதலாமே என்று வழியும் காட்டினர்.

வழி தெரிந்தும் நடை தாமதித்தது. 1978 முதல் 1983 வரை நகர மழைநீரைப்பற்றி 28 இடங்களில் ஆராய்ச்சி நடைபெற்றது. மழைநீரைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கால எல்லையும் விதித்த சட்டத்தைக் காங்கிரசு 1987இல் இயற்றியது. இம்முறை இசைவு மறுத்தவர் ஜனாதிபதி றேகன். கீழ்ச்சபை 401க்கு 26 என்றும், மேற்சபை 86க்கு 14 என்றும் வாக்களித்து, அவர் மறுப்பையும் பெப்ரவரி 4ஆம் நாள் வென்றன. இரு ஜனாதிபதிகள் மறுத்தும், கட்சி பேதமின்றிச் சபைகள் இரண்டும் தூய நீரின் பக்கம் நின்றமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இதன்பின் எழுந்த வாதம் ஏக்கர்க் கணக்கைப் பற்றியது. எவ்வளவு சிறிய நிலம்வரை சட்டம் செல்லவேண்டும்? நிறுவனம் முதலில் ஓர் ஏக்கர் என்ற எல்லையை முன்மொழிந்தது. ஆனால் 1990இல் வெளிவந்த விதியிலோ அது ஐந்து ஏக்கராக உயர்ந்திருந்தது. ஐந்து ஏக்கருக்குக் குறைந்த நிலம் தீங்கற்றது என்பதற்குச் சான்று எங்கே என்று 1992இல் மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் வினவி, அவ்விலக்கைத் தள்ளியது. 1999 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் கட்ட விதி, ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரையுள்ள வேலைத்தலங்களையும் உட்படுத்தியது; 2003 மார்ச்சு முதல் அவற்றிற்கும் அனுமதி கட்டாயமாயிற்று. ஒரு பெரிய திட்டத்தைச் சிறு துண்டுகளாக்கித் தப்புதலும் ஆகாது. துண்டுகள் யாவும் ஒரே திட்டமாகவே எண்ணப்படும்.

இப்பத்திரம் மழையைத் தடுக்கச் சொல்வதில்லை. நிலத்தைத் திறப்பவர், தாம் எதனை எப்போது திறக்கிறார், நீர் எவ்வழி ஓடும், மண்ணை எங்கே மறிப்பார் என்பனவற்றை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்கிறது. சரிவின் அடியிலே துணிவேலி கட்டுதல், கலங்கல் நீரைக் குட்டையிலே தேக்கி மண் படிந்தபின் வெளிவிடுதல், வண்டிச்சில்லுகள் சேற்றைத் தெருவுக்குக் கொண்டு செல்லாவண்ணம் வாயிலிலே கல் பரப்புதல் ஆகியன அதன் சாதாரண முறைகள். வேலை நின்றுபோன இடத்தை வைக்கோலாலோ புல்லாலோ மூடுதல் வேண்டும். தலத்தைக் குறித்த நாட்களிலும், கால் அங்குல மழை பெய்தபின்னரும் பார்வையிட்டு எழுதி வைத்தலும் வழக்கம். மத்திய நிறுவனம் வழங்கும் பத்திரத்தின்படி, செடிகொடி கொண்டு மூடுமிடத்தில், அப்பகுதியின் இயற்கைப் பசுமையிற் குறைந்தது நூற்றுக்கு 70 பங்காவது வளர்ந்து நிலைபெற்றாலன்றிப் பொறுப்பு முடிவதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் இத்தகைய பத்திரங்களைத் தாமே வழங்குகின்றன.

எழுதிவைத்தாற் போதுமா என்னும் ஐயம் நியாயமானதே. துணிவேலி சரிந்து கிடக்க, கோப்பு மட்டும் ஒழுங்காக இருந்த தலங்களும் உண்டு. 2004இல் வால்மாட் என்னும் பெருவணிக நிறுவனம், ஒன்பது மாநிலங்களில் தன் கடைகளைக் கட்டிய இடங்கள் பற்றிய வழக்கினை 31 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தித் தீர்த்துக்கொண்டது. கட்டடத்தை எழுப்பியவர் ஒப்பந்தகாரராயினும், அதனைக் கட்டுவித்தவரும் பொறுப்பிலிருந்து நழுவ இயலாது என்பதனை அவ்வழக்கு ஊருக்கு உணர்த்திற்று.

செய்யவேண்டிய முறைகளைச் சொல்லிவிடாது, வெளியேறும் நீரையே அளந்துபார்த்தால் என்ன என்ற எண்ணமும் பிறந்தது. 2009 டிசம்பரில் நிறுவனம், பெரிய தலங்களிலிருந்து வெளியேறும் நீரின் கலங்கல் 280 அலகைக் கடத்தலாகாது என விதித்தது. வீடுகட்டுவோர் சங்கத்தினர் வழக்குத் தொடுத்தனர். அவ்வெண்ணைக் கணித்த முறையிலே தவறு உண்டென்று நிறுவனமே ஒப்புக்கொண்டு அதனை நிறுத்திவைத்தது; 2014இல் முற்றாக நீக்கியது. முறைகள் நின்றன, எண் போயிற்று. சேற்றை மறிக்க என்ன செய்தாய் என்று சட்டம் கேட்கிறது. எவ்வளவு சேறு போயிற்று என்று நாடு முழுமைக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கொண்டு அது கேட்பதில்லை.

இன்னொரு குறையையும் மறைத்தல் தகாது. 1987ஆம் ஆண்டின் சட்டம், வேளாண் நிலத்திலிருந்து ஓடும் மழைநீரை அனுமதிமுறைக்குப் புறம்பாக்கியது. கட்டடவேலை ஓரிரு ஆண்டுகளில் முடிவது, உழவோ முடிவதில்லை. ஜோப்பாவின் துறையைத் தூர்த்தது உழவுநிலத்து மண். அம்மண் மழைநீரோடு இன்று ஓடிவந்தாலும் இப்பத்திரம் அதனைத் தடுக்காது. உணவு விளைவிப்போர்மேற் சுமையேற்ற அரசியலார் தயங்கினர். அத்தயக்கத்தின் விலையைச் செசபீக் விரிகுடா இன்னும் கொடுத்துவருகிறது.

குறைகள் உளவாயினும், இச்சட்டம் ஒரு பழைய சாக்குப்போக்கை ஒழித்துவிட்டது. ‘மழை கொண்டுபோயிற்று’ என்று கூறிக் கைகழுவும் உரிமை, நிலத்தைத் திறந்தவருக்கு இனி இல்லை. புல்லும் மரமும் மண்ணுக்கு ஆடையாக நிற்கும்வரை, மழை அதனைக் கொண்டுபோவது அரிது. ஆடையைக் களைந்தவர் எவரோ, அவரே மீண்டும் உடுத்தும்வரை காவலிருத்தல் வேண்டும். வானத்தை எந்த நீதிமன்றத்துக்கும் அழைத்தல் இயலாது. மண்வெட்டி பிடித்த கையை அழைத்தல் இயலும். அந்த எளிய உண்மையைச் சட்டமாக்குவதற்கு, இரண்டு ஜனாதிபதிகளின் மறுப்பையும் இரண்டு பெரிய வழக்குகளையும் கடந்து, 1972 முதல் 2003 வரை முப்பதாண்டுக் காலம் சென்றது.